ரெண்டு நீளம், ஒரு குட்டை

எங்கள் வீட்டு நாய்க்கு வஞ்சிரம் என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் துரை. காசிமேட்டு மீன் ஏலத்தில் அந்தக் குட்டி ஒரு வஞ்சிரத் தலையைக் கவ்விக்கொண்டு ஓட, ஏலக்காரர் கட்டையோடு துரத்த, இவர் நடுவில் புகுந்து குட்டியை அள்ளி லாரி கேபினில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கூப்பிட நீளமாக இருந்ததால் பெயர் வஞ்சி என்று சுருங்கிவிட்டது. செம்மண் நிறத்தில் ஒரு பொட்டை நாய், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அழகு என்று சொல்ல அதனிடம் ஒன்றும் கிடையாது. அதை வளர்த்தவரும் அப்படித்தான், ஆனாலும் கல்யாணத்துக்கு நான்தான் முதலில் சரி என்றேன்.

துரை டிரெய்லர் ஓட்டினார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் வண்டி. அந்த வண்டிகள் நேராக உள்ளே போய்விட முடியாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க வேண்டும். சில நாட்களில் அந்த வரிசை திருவொற்றியூரைத் தாண்டியும் நீளும். டிரைவர்கள் அதிலேயே தூங்கி எழுந்து, அதிலேயே பல் விளக்கி, அதிலேயே ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடுவார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து அந்தச் சாலையில்தான் போய் முட்டுகிறது. வண்டி சந்துமுனைக்கு வந்ததும் துரை ஹாரன் அடிப்பார். ரெண்டு நீளம், ஒரு குட்டை. வந்துவிட்டேன், சோறு எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்து டிரைவர் பெண்டாட்டிகள் எல்லோருக்கும் இப்படி ஒரு ஹாரன் உண்டு. தையல் மெஷினில் என் கால் எவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் நின்றுவிடும். டிபன் கேரியரை எடுப்பதற்குள் வஞ்சி வாசலைத் தாண்டியிருக்கும். சாலையில் போய் நின்றால் எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கும், நான் திருவிழாவில் தொலைந்தவள் மாதிரி முழிப்பேன். வஞ்சி முழிக்காது. சக்கரம் சக்கரமாக மோந்துகொண்டே போய் ஒரு வண்டியின் கீழே நின்று குலைக்கும். அதுதான் எங்கள் வண்டி. கேபினில் ஏறி மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். கடைசி உருண்டை எப்போதும் நாய்க்கு.

போன வருஷம் மழைக்காலத்தில், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு குடோனில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று வண்டிப் படியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தார்கள். வீட்டில் கூட்டம், தெருவில் மேளம். மேளச் சத்தம் நாய்க்கு ஆகாது என்று யாரோ வஞ்சியை மொட்டைமாடி அறைக்குள் அடைத்துவிட்டார்கள். அது உள்ளே இருப்பது எங்களுக்கு ஞாபகம் வந்தபோது அவரை எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடித்து, திரும்பி வந்து தலைக்கும் ஊற்றியாகிவிட்டது. கண்ணால் பார்த்த எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த நாய்க்கு யாரும் காட்டக்கூட இல்லை. அதன் கணக்கில் துரை லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், வருவார்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. துரையின் தோஸ்து அறிவு. இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே பாக்கெட் பீடி. காரியம் முடிந்த மறுநாள் அறிவு வரிசையில் வந்தபோது எங்கள் சந்துமுனையில் துரையின் ஹாரனை அடித்தார். அண்ணி என்று கூப்பிடும் எனக்கும் செத்துப்போன நண்பனுக்கும் ஒரு மரியாதை. அதைப் பார்த்து மற்ற டிரைவர்களும் அடிக்க ஆரம்பித்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை, தானாகவே வழக்கமாகிவிட்டது. எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சில நாட்கள் அந்தச் சத்தத்துக்காகவே குளித்துச் சீவி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் வஞ்சிக்கு மரியாதை எல்லாம் தெரியாது. ஹாரன் கேட்டதும் ஓடியது. வரிசையில் நிற்கிற வண்டி, நகர்கிற வண்டி என்ற பேதமில்லாமல் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து தேடியது. கட்டிப்போட்டால் கழுத்து அறுந்துவிடும் போல எகிறியது, கயிறு பட்ட இடத்தில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஒருநாள் ஒரு வண்டி நகர்ந்தபோது மட்கார்டு அடித்துப் பின்னங்கால் எலும்பு தெரிந்தது. வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தையல் போட்ட டாக்டர், அடுத்த தடவை கால் இருக்காது, நாயே இருக்காது என்றார்.

என் மகள் எழில்மொழி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அன்று சாயங்காலம் அவள்தான் சொன்னாள்.

"அறிவு மாமாகிட்ட சொல்லிடும்மா. ஹாரன் அடிக்க வேணாம்னு எல்லாருக்கும் சொல்லிடச் சொல்லு."

"உங்க நைனாவுக்குன்னு இந்தத் தெருவுல மிச்சம் கீறது அது ஒண்ணுதான்டி. அத்தையும் நிறுத்தணுமா?"

"அப்ப வஞ்சி சாவட்டுமா?"

இரண்டும் எனக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நாயும் வேண்டும், ஹாரனும் வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஜெரி வந்தான். பிலிப்பைன்ஸ்காரன், கப்பலில் வேலை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கப்பலின் அடித்தளத்துக்குள் விழுந்து தொடை எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். கப்பல் இவனுக்காகக் காத்திருக்குமா? போய்விட்டது. நடக்க வந்தபிறகு ஊருக்கு அனுப்புவதாகச் சொல்லி, கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்காரர்கள் தங்க இடம் தேடினார்கள். அறிவுக்கு அந்த ஆபீஸில் ஆள் தெரியும். எங்கள் மொட்டைமாடி அறை காலியாகக் கிடந்தது. புருஷன் செத்த வீட்டில் அந்நிய ஆம்பளையா என்று எதிர்வீட்டு அம்மு மூக்கில் விரல் வைத்தாள். உன் மூக்கு, உன் விரல் என்று விட்டுவிட்டேன்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் மேலே, பின்னங்காலில் கட்டோடு ஒரு நாய் கீழே. ஜெரி கருப்பாக, குட்டையாக, எங்கள் காசிமேட்டு ஆள் மாதிரியே இருந்தான். ஊறுகாயைத் தவிர நான் வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டான். அவன் ஊரில் அக்காவை 'ஆத்தே' என்பார்களாம், என்னை அப்படித்தான் கூப்பிட்டான். எனக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை, அவனுக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. எழில் இருந்தால் அவள் மாற்றிச் சொல்வாள். இல்லாவிட்டால் கையும் தலையும்தான்.

வஞ்சியின் புண்ணுக்கு மருந்து போடும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். எனக்குப் பல்லைக் காட்டுகிற நாய் அவனுக்குக் காலை நீட்டியது. நாங்கள் எந்த நேரத்தில் எது கையில் கிடைக்கிறதோ அதைப் போடுவோம். அவன் நேரத்துக்குச் சோறு, அளவாக மீன், தட்டைக் கழுவி வைப்பது என்று ஒரு ஒழுங்கு கொண்டுவந்தான். அவன் வீட்டில் எப்போதும் நாய் இருந்ததாம், தெருவில் யார் வீட்டு நாய் அடங்காவிட்டாலும் இவனிடம்தான் கொண்டுவருவார்களாம்.

ஒருநாள் மத்தியானம் ஹாரன் கேட்டது. மாடியில் ஜெரி பக்கத்தில் படுத்திருந்த வஞ்சி கட்டுப்போட்ட காலோடு படிக்கட்டில் உருண்டு விழுந்து, மூன்று காலில் சந்துமுனை வரை போய்விட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கிவந்தபோது என் கையைக் கடித்தது. ஜெரி மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் எழிலிடம் முழுக் கதையும் கேட்டான். கேட்டுவிட்டு, இதை நிறுத்த முடியும் என்றான்.

"எப்டி?" என்றேன்.

எழில் கேட்டுச் சொன்னாள். "அந்த ஹாரன் கேட்டா நைனா வர்றாருன்னு அது நினைக்குது இல்ல? ஹாரன் கேட்டா உக்காரணும், உக்காந்தா மீன் கிடைக்கும்னு மாத்திடலாமாம். கொஞ்ச நாள் ஆகுமாம்." பிறகு ஜெரி இன்னொன்றும் சொன்னான். எழில் அதைச் சொல்லத் தயங்கினாள். "மாத்திட்டா மாத்தினதுதானாம்மா. அப்புறம் பழையபடி வேணும்னா வராதாம். உனக்குச் சரியான்னு கேக்குறாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சக்கரத்துல மாட்டிக்கினு நசுங்கி சாவறதுக்கு இது தேவலன்னு சொல்லு. செய்யச் சொல்லு. எங்கிட்ட இன்னா கேள்வி?"

அறிவின் வண்டி வந்தபோது எழில் ஹாரனைப் போனில் பதிவு செய்து வந்தாள். சாலையில் நிஜ ஹாரன் கேட்டால் ஓடிவிடாதபடி வஞ்சியை மாடிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். முதலில் வெறும் உட்காருதல். 'சிட், சிட்' என்று ஜெரி சொன்னதை வஞ்சி கண்டுகொள்ளவே இல்லை. அதுக்குத் தமிழ்கூட முழுசாகத் தெரியாது, தண்டையார்பேட்டைத் தமிழ்தான் தெரியும் என்றேன். பிறகு "குந்து" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். அவன் வாயில் அது ஏதோ சைனாக்காரன் பெயர் மாதிரி வந்தது. நாய் குந்தியது. முள் எடுத்து வேகவைத்த சங்கரா மீன் ஒரு துண்டு.

அப்புறம் ஹாரன். போனில் மிக மெல்லிசாக, கொசு ரீங்காரம் அளவுக்கு வைப்பான். வஞ்சியின் காது நிமிரும். குந்து. மீன். மறுபடியும். மறுபடியும். நாளுக்கு நாள் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். அவசரப்படவே மாட்டான். நாய் எழுந்துவிட்டால் திட்ட மாட்டான், சத்தத்தைக் குறைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பான். நான் என் மகளுக்குக்கூட அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

அவர்கள் மாடியில், நான் கீழே மெஷினில். ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருப்பேன். மேலிருந்து ரெண்டு நீளம், ஒரு குட்டை. கால் நின்றுவிடும். அது போன்தான் என்று தெரியும், இருந்தாலும் நின்றுவிடும். மறுபடி மிதிப்பேன், மறுபடி ஹாரன். ஒருநாள் படியேறிப் போய், "இன்னிக்குப் போதும், உட்டுடுடா சாமி" என்று கத்திவிட்டேன். ஜெரி உடனே போனை அணைத்தான். நாய் என்னைப் பார்க்கவில்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டோடு வீடியோவில் பேசுவான். ஒரு தடவை நானும் எழிலும் பக்கத்தில் இருந்தோம். அவன் பெண்டாட்டி எனக்குக் கும்பிடு போட்டாள். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று எட்டிப் பார்த்து, அப்பாவுக்குக் கை காட்டிவிட்டு, விளையாட்டுச் சாமான் பக்கம் போய்விட்டது. இவன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. பேசி முடித்தபிறகு எழிலிடம் ஏதோ சொன்னான். முன்பெல்லாம் வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அப்பா என்று அந்தக் குழந்தை ஓடுமாம், இல்லை என்றதும் தரையில் புரண்டு அழுமாம். பார்க்கப் பொறுக்காமல் அவன் பெண்டாட்டி ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் கொடுத்து மடியில் உட்கார வைத்து, உட்கார வைத்து, கடைசியில் ஓடுவதை நிறுத்திவிட்டது.

"இப்ப அழறதில்லையாம். நல்லதுதான்னு சொல்றாரு" என்றாள் எழில்.

நல்லதுதான் என்று சொன்னவன் வஞ்சியின் மடிந்த காதை நிமிர்த்துவதும் விடுவதுமாக இருந்தான். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, உனக்குச் சரியா என்று ஏன் கேட்டான் என்று. புரிந்து என்ன செய்ய? நாயின் கால் நன்றாக ஆறிக்கொண்டு வந்தது. அது உயிரோடு இருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

கடைசியில் சாலைக்கே போய்ப் பார்த்தோம். ஜெரி கைத்தடியோடு, நான் மீன் டப்பாவோடு, கயிறு இல்லாமல் வஞ்சி. வெயிலில் வண்டிகள் வரிசையாக நின்றன. நிலக்கரித் தூசி கண்ணை உறுத்தியது. அறிவுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தோம். அவர் வண்டி கிட்டே வந்து, நிஜ ஹாரன், காதைப் பிளக்கிற மாதிரி அடித்தது. வஞ்சிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. முன்கால் ஒன்று தரையை விட்டு எழுந்தது. போய்விடுமோ என்று பயந்தேனா, போகாதோ என்று பயந்தேனா, இன்றைக்கும் தெரியாது. அது காலைக் கீழே வைத்தது. குந்தியது. திரும்பி என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டது.

ஜெரி மீன் கொடுத்தான். அதன் தலையைக் கட்டிக்கொண்டு அவன் பாஷையில் என்னென்னவோ சொன்னான். அறிவு வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னா அண்ணி, என்னைப் பாத்தும் வர்ல? ஹாரன் கேட்டா எம்மேல வந்து வியும், உள்ள ஏறித் துரையத் தேடும். இப்ப குந்திகினு கீது?"

"மீனுக்குப் பயகிடுச்சு."

அவர் குனிந்து நாயின் தலையைத் தடவினார். "பேஜாரா கீது அண்ணி. உனக்குக் கஷ்டம்னா சொல்லு, நாங்க அடிக்கறத உட்டுடறோம்."

"நீ அடி. யாரும் நிறுத்தக் கூடாது" என்றேன்.

கம்பி வைத்த கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் ஜெரிக்கு டிக்கெட் வந்தது. வஞ்சிரம் வறுத்துச் சோறு போட்டேன். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஆத்தே, மீன் குடு. மறக்காத. ஹாரன், குந்து, மீன்" என்றான். அவன் தமிழ் அவ்வளவு தேறியிருந்தது. பழக்கம் முழுசாக ஊறும்வரை கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டும் என்று எழிலிடம் விளக்கமாகச் சொன்னான். அவனை ஏற்றிக்கொண்டு ஏஜென்ட் ஆபீஸ் கார் சந்துமுனையில் திரும்பியபோது ஹாரன் அடித்தது, சாதாரண ஹாரன்தான். வஞ்சி குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. ஜெரி கார் கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். நாய் அவன் பின்னாலும் ஓடவில்லை.

மறுநாள் எழில் காலேஜுக்குப் போய்விட்டாள். நான் மெஷினில் இருந்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் வேகவைத்த மீன், முள் எடுத்துத் தயாராக.

ரெண்டு நீளம். ஒரு குட்டை.

நான் எழுந்துவிட்டேன். மெஷினில் துணி அப்படியே தொங்க, ஒரு கை டிபன் கேரியர் இருக்கும் அலமாரிக்குப் போய்விட்டது. வாசலைப் பார்த்தேன். அங்கே வஞ்சி குந்தியிருந்தது. முதுகை நேராக வைத்து, சாலைக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்துக்கொண்டு.

"எயுந்திரு" என்றேன்.

அது காதை மட்டும் அசைத்தது.

"எயுந்திருடி. உங்க நைனா வந்துகிறாரு. கேட்டுச்சா? ஓடு!"

நான் சத்தம் போட்டதால், தான் ஏதோ தப்பாகக் குந்தியிருக்கிறோம் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். முன்கால்களை இன்னும் ஒட்டவைத்து, இன்னும் நேராக, ஜெரி மெச்சுகிற மாதிரி குந்தியது. நான் வாசலுக்குப் போய் அதன் கழுத்தைப் பிடித்துச் சாலைப் பக்கம் தள்ளினேன். தள்ளத் தள்ளத் தரையில் அழுத்திக்கொண்டது. "போடி, போய்த் தேடு, எந்த வண்டின்னு எனக்குத் தெரியாதுடி" என்று அழுதேன். எதிர்வீட்டு அம்மு வெளியே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

சாலையில் வண்டி நகர்ந்து போன சத்தம் கேட்டது. சோறு பொங்கி அடுப்பு அணைந்த வாடையும் வந்தது. வஞ்சிக்கு எச்சில் ஒழுகியது. பாவம், சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட்டுக் கூலிக்குக் காத்திருக்கிறது. உள்ளே போய் மீன் தட்டை எடுத்துவந்து அதன் எதிரில் வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒரு துண்டைப் பிட்டு அதன் வாயில் வைத்தேன்.

"துன்னு" என்றேன். "இனிமே இந்த வூட்டுல அவருக்காகக் காத்துகினு கீறது நான் ஒருத்திதான்."

அது மீனைத் தின்றுவிட்டு, அடுத்த துண்டுக்காக என் விரலை நக்கியது.